பட்டாம்பூச்சிய வச்சு கதை எழுதணுமா, முதல்ல கறிவேப்பிலை செடிகிட்ட போங்க

பட்டாம்பூச்சிய வச்சு எழுதறவங்க நம்மள்ல நிறைய பேர் இருக்கோம், ஆனா முக்காவாசி ஒரே கதைதான். கஷ்டப்படற ஒருத்தி, ஊரே அவளை புழு மாதிரி பாக்குது, நடுவுல ஒரு இருட்டு காலம், கடைசில சிறகு விரிச்சு பறந்துடறா, சுபம். ஸ்கூல் ஆண்டு மலர்ல இருந்து மோட்டிவேஷன் ரீல்ஸ் வரைக்கும் இதேதான் ஓடுது, படிக்கிறவருக்கு மூணாவது வரியிலயே முடிவு தெரிஞ்சு போகுது. ஆனா அந்த பூச்சி நிஜத்துல பண்ற வேலை இதைவிட ரொம்ப விசித்திரம், கொஞ்சம் பயங்கரமும் கூட. அதுல இருந்து கதை எடுக்கறது எப்படின்னு எனக்கு தெரிஞ்ச வரைக்கும் சொல்றேன், கவிதை எழுதறவங்களுக்கும் ஒத்து வரும், ஆனா நான் சிறுகதை பக்கம் சாஞ்சுதான் பேசுவேன்.

முதல் வேலை பேனா எடுக்கறது இல்ல, ஒரு புழுவ வளக்கறது. வீட்ல கறிவேப்பிலை செடியோ எலுமிச்சை தொட்டியோ இருந்தா போதும். கொழுந்து இலைல கடுகைவிட சின்னதா வெளிர் மஞ்சள்ல உருண்டையா ஒரு முட்டை தனியா ஒட்டிட்டு இருக்கும், எலுமிச்சைப் பட்டாம்பூச்சியோ, கறுப்பா வெள்ளை புள்ளி வரிசையோட வருமே அந்த காமன் மார்மனோ வச்சுட்டு போனது. சில நாள்ல பொரியும், வெளிய வந்த புழு பெரும்பாலும் தான் இருந்த முட்டை ஓட்டைத்தான் முதல்ல திங்கும். சின்ன வயசு புழுவ பாத்தீங்கன்னா காக்கா எச்சம்னு நினைச்சு தட்டி விட்டுருவீங்க, கறுப்பும் வெள்ளையுமா ஈரமா மின்னும், அது அப்படி இருக்கறதே பறவை கண்ணுல இருந்து தப்பிக்கத்தான். நாலு தடவை தோல் உரிக்கும், கடைசி கட்டத்துல திடீர்னு பச்சையா மாறி இலையோட இலையா போயிடும். அப்ப லேசா தொட்டு பாருங்க, தலைக்கு பின்னாடி இருந்து ஆரஞ்சு-சிவப்புல ரெண்டா பிரிஞ்ச கொம்பு மாதிரி ஒண்ணு விருட்டுனு நீளும், கூடவே ஒரு புளிச்ச நாத்தம், கையிலயே கொஞ்ச நேரம் நிக்கும்.

ஒரு அகலமான டப்பா, மேல கொசுவலைத் துணி கட்டுங்க, கீழ டிஷ்யூ பேப்பர், தினம் புது இலை, சாஞ்ச மாதிரி ஒரு குச்சி. கடைல வாங்கின கறிவேப்பிலைய மட்டும் போடாதீங்க, மருந்து அடிச்சது இருந்தா புழு செத்துடும், வீட்டு செடி இலையே நல்லது. கடைசி சில நாள் அது திங்கிற வேகத்தை பாத்தா நமக்கே மூச்சு வாங்கும். அப்புறம் ஒரு நாள் சாப்பாட்டை நிறுத்திட்டு டப்பா முழுக்க சுத்தும், வயித்துல இருக்கறதையெல்லாம் தண்ணியா வெளியேத்தும், குச்சில ஏறி பட்டு நூலால இடுப்பை சுத்தி ஒரு பெல்ட் போட்டுக்கிட்டு கூனி உக்காந்துரும். அதுக்கப்புறம் டப்பாவ ஆட்டாதீங்க, குச்சிய இடம் மாத்தாதீங்க.

இங்கதான் நம்ம கதைகள்ல பெரிய தப்பு ஒண்ணு இருக்கு. எல்லாரும் "கூடு கட்டிக்கிட்டுச்சு"ன்னு எழுதறோம், பட்டாம்பூச்சி பெரும்பாலும் கூடு கட்டாது, கூடு நெய்யறது அந்துப்பூச்சி வகைங்க, பட்டுப்புழு மாதிரி. பட்டாம்பூச்சி புழுவோட கடைசி தோல் முதுகுல கிழிஞ்சு உரியும், உள்ள இருந்து கூட்டுப்புழு வெளிய தெரியும், அவ்வளவுதான். அதாவது அது எங்கயும் போய் ஒளிஞ்சுக்கல, அந்த உறை ஏற்கனவே அதோட தோலுக்கு அடியிலயே தயாராகிட்டு இருந்துச்சு. எழுதறவனுக்கு இது எவ்வளவு பெரிய வரம்னு யோசிங்க. உங்க பாத்திரம் ஒரு அறைக்குள்ள போய் கதவை சாத்திக்கணும்னு அவசியமே இல்ல, ஆபீஸ்ல எல்லாரும் பாக்க டீ குடிச்சுட்டு இருக்கும்போதே அது நடக்கலாம்.

வளக்கும்போது ஒரு நோட்டு வச்சுக்கோங்க, அதுல ஒரே ஒரு கட்டுப்பாடு, புழு டப்பாவுல இருக்கற வரைக்கும் உவமை எழுதக்கூடாது. "மாதிரி", "போல" ரெண்டும் தடை. என்ன நிறம், எத்தனை மணிக்கு அசைஞ்சுது, எச்சம் எப்படி இருந்துச்சு, இலையோட எந்த ஓரத்துல இருந்து கடிக்குது, தோல் உரிச்சப்புறம் எவ்வளவு நேரம் சும்மா இருந்துச்சு, இது மட்டும். மொதல்ல போரடிக்கும், ரெண்டு மூணு நாள்ல கண்ணு பழகிடும், அதுக்கப்புறம் எழுதற வரி எல்லாம் வேற தரத்துல வரும்.

சரி, கூட்டுப்புழுவுக்குள்ள என்ன நடக்குது? நெட்ல எல்லாம் புழு முழுசா கரைஞ்சு கூழாகி அந்த கூழ்ல இருந்து பட்டாம்பூச்சி உருவாகுதுன்னு சொல்றாங்க, பாதி உண்மை. தசை நிறைய கரையும், ஆனா மூச்சுக் குழாய், நரம்பு, குடல் எல்லாம் அழிஞ்சு போகாம உரு மாறும். அதைவிட முக்கியம், இறக்கை, கால், உணர்கொம்பு எல்லாத்துக்குமான செல் கொத்துங்க புழுவா இருக்கும்போதே உடம்புக்குள்ள இருக்கு, புழுவ புழுவாவே வச்சிருக்கற ஹார்மோன் அடங்கி வழி விடற வரைக்கும் காத்துட்டு இருக்கு. இதை கதையில நேரா பயன்படுத்தலாம், பத்தாவது பக்கத்துல வரப்போற ஆளை ரெண்டாவது பக்கத்துலயே ஒரு சின்ன செய்கையா வச்சுடுங்க, யாரும் கவனிக்காத அளவுக்கு சின்னதா. கணக்கு பாத்து மிச்ச சில்லறைய திருப்பி வாங்கற ஒரு பத்து வயசு பொண்ணு, அது போதும், பின்னாடி அவ சொத்து வழக்குல அண்ணன்களை எதிர்த்து நிக்கும்போது யாருக்கும் அது திடீர்னு தோணாது.

இன்னொண்ணு இருக்கு, எனக்கு ரொம்ப பிடிச்சது. 2008-ல அமெரிக்காவுல ஜார்ஜ்டவுன் யுனிவர்சிட்டி ஆளுங்க ஒரு பரிசோதனை பண்ணாங்க. புகையிலை கொம்புப் புழுவுக்கு ஒரு வாசனைய காட்டி கூடவே லேசா ஷாக் குடுத்து பழக்கினாங்க. அது அந்துப்பூச்சியா வெளிய வந்தப்புறமும் அந்த வாசனைய பாத்து விலகுச்சு. கடைசி கட்ட புழுவா இருக்கும்போது பழகினதுங்களுக்குத்தான் ஞாபகம் இருந்துச்சு, ரொம்ப சின்ன வயசுல பழகினதுங்களுக்கு இல்ல. அவ்வளவு உடம்பும் மாறினப்புறமும் ஒரு பயம் மட்டும் இந்தப் பக்கம் வந்து சேந்துடுது. இதுல ஒரு கதை இல்ல, பத்து கதை இருக்கு. வட்டிக்காரன் புல்லட் சத்தம் கேட்டதும் லைட்டை அணைச்சுட்டு மூச்சு விடாம உக்காந்த வீட்டுப் பையன், இப்ப அதே ஊர்ல பேங்க் மேனேஜர், கடன் குடுக்கற சீட்ல உக்காந்திருக்கான், தெருவுல ஒரு புல்லட் போகுது, கை தன்னால சுவிட்ச்சுக்கு போகுது. சிறகு, வானம், எதுவுமே வேணாம் இந்த கதைக்கு, ஆனா இது முழுக்க முழுக்க உருமாற்றக் கதைதான்.

அடுத்து, புழு-அசிங்கம் பட்டாம்பூச்சி-அழகுங்கற அச்சை விட்டுட்டு வேற அச்சு தேடுங்க, இயற்கைல நிறைய கெடக்கு.

காமன் மார்மனையே எடுத்துக்கோங்க. ஆண் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும், பொண்ணுங்க மட்டும் நம்ம ஊர்ல மூணு வேஷத்துல வரும். ஒண்ணு ஆண் மாதிரியே, ஒண்ணு காமன் ரோஸ் மாதிரி, இன்னொண்ணு கிரிம்ஸன் ரோஸ் மாதிரி. ரோஸ்னா பூ இல்ல, அதுவும் பட்டாம்பூச்சிங்கதான், அந்த ரெண்டும் விஷம், புழுவா இருக்கும்போது ஈஸ்வரமூலி, ஆடுதீண்டாப்பாளை மாதிரி கொடிங்களை தின்னு வளந்ததுங்க, ஒரு தடவை வாய்ல போட்ட பறவை அடுத்த தடவை கிட்ட வராது. நம்ம மார்மன் தின்னதோ வெறும் கறிவேப்பிலை, விஷமே கிடையாது, ஆனா சிவப்பு புள்ளி போட்டுக்கிட்டு "என்னை தொட்டா செத்தே"ங்கற மாதிரி திரியும். தனியா குடியிருக்கற ஒரு பொம்பளை வாசல்ல பத்தாம் நம்பர் ஆம்பளை செருப்பு ஒரு ஜோடிய விட்டு வச்சிருக்கா, கொடில எப்பவும் ஒரு சட்டை காயுது, ரெண்டு நாளைக்கு ஒரு தடவை மறக்காம அதை நனைச்சு போடறா. அவதான் மார்மன். இதுல இன்னொரு முடிச்சு இருக்கு, வேஷக்காரங்க கம்மியா இருக்கற வரைக்கும்தான் இந்த தந்திரம் நல்லா வேலை செய்யும், பொய் ரோஸ் ஜாஸ்தி ஆயிட்டா பறவை பயப்படறதை நிறுத்திடும். அந்த காம்பவுண்ட்ல நாலு வீட்டு வாசல்லயும் இப்ப பெரிய செருப்பு இருக்குன்னு அவ ஒரு நாள் கவனிக்கறா. கதை அங்க இருந்து சூடு பிடிக்கும்.

தாய்ப் பூச்சி இருக்கே, அது இன்னொரு தனி விஷயம். பட்டாம்பூச்சிக்கு கால்ல ருசி தெரியும், முட்டை வைக்க வந்தது இலை மேல உக்காந்து முன்னங்காலால தட்டித் தட்டி பாக்கும், இது கறிவேப்பிலைதானா, பிள்ளை தின்னா வளருமான்னு. ஆனா அதுக்கு இப்ப இலை திங்க வாயே கிடையாது, உறிஞ்சற குழாய்தான் இருக்கு, தேனைத்தான் குடிக்கும். தான் சாப்பிட முடியாத ஒண்ணை கால்ல ருசி பாத்து பிள்ளைக்கு தேடி வச்சுட்டு போயிடுது, அந்த பிள்ளைய அது திரும்ப பாக்கறதே இல்ல. எழுத்து வாசனை இல்லாத அம்மா ஸ்கூல் ஸ்கூலா ஏறி இறங்கி சுவத்தை, கக்கூசை, வாத்தியார் முகத்தை பாத்து எந்த ஸ்கூல் நல்லதுன்னு தீர்மானிக்கற கதைய இந்த அச்சுல எழுதலாம், ஆனா தயவு செஞ்சு அந்த கதைக்குள்ள பட்டாம்பூச்சிய கொண்டு வராதீங்க, நீங்க எங்க இருந்து எடுத்தீங்கன்னு வாசகருக்கு தெரிய வேண்டாம்.

இருட்டான கதை எழுதறவங்களுக்கு குளவி இருக்கு. பத்து கூட்டுப்புழு பாத்தா சிலதுல இருந்து பட்டாம்பூச்சி வராது, ஒரு பொடி ஓட்டை விழும், அது வழியா நிறைய குட்டிக் குளவிங்க வரிசையா வெளிய வரும். சில வகை குளவி புழு பக்கத்துலயே காத்திருக்கும், அது கூட்டுப்புழுவா மாறின உடனே தோல் இன்னும் மெத்துனு இருக்கற நேரம் பாத்து உள்ள முட்டை வச்சுடும். 1860-ல டார்வின் தன்னோட நண்பர் ஏசா கிரேக்கு எழுதின கடிதத்துல இந்த மாதிரி குளவிகளைத்தான் சொல்றார், உயிரோட இருக்கற புழுவுக்குள்ள இருந்து தின்னு வளர ஒரு ஜீவனை கருணையுள்ள கடவுள் வேணும்னே படைச்சிருப்பார்னு என்னால நம்ப முடியலன்னு. ஆனா குளவிக்கும் அது உருமாற்றம்தான், அதுவும் முட்டை, புழு, கூட்டுப்புழுன்னுதான் வளருது. ஒரு பழைய வீடு, அதுல வயசான மனுஷன், பாத்துக்கறேன்னு வந்து சேர்ற சொந்தக்காரக் குடும்பம், வெளிய இருந்து பாத்தா வீடு அப்படியே இருக்கு, பெயிண்ட் கூட அடிச்சிருக்காங்க. இதை அந்த குடும்பத்து சின்னப் பையன் பார்வைல சொல்லி பாருங்க, அவனுக்கு அது வாழ்க்கைலயே சந்தோஷமான வருஷம்.

பட்டுப்புழுவும் உண்டு, அது நமக்கு இன்னும் நெருக்கம். தருமபுரி பக்கம் மல்பெரி போட்டு வளக்கறாங்க, அங்க பட்டுக்கூடு அங்காடியே இருக்கு. ஒரு கூட்டுல இருக்கறது ஒரே நீள இழை, பூச்சி வெளிய வந்தா கூட்டை ஓட்டை போட்டு இழைய அறுத்துடும், அதனால வர்றதுக்கு முன்னாடியே ஆவிலயோ சூட்டுலயோ உள்ளயே கொன்னுடுவாங்க, அப்புறம் வெந்நீர்ல போட்டு நூல் எடுப்பாங்க. விதைக்குன்னு விட்டு வைக்கற கொஞ்சம் மட்டும் பூச்சியா வெளிய வரும், அதுக்கும் இறக்கை இருக்கும், பறக்க முடியாது, ஆயிரக்கணக்கான வருஷமா மனுஷன் வளத்து வளத்து அப்படி ஆயிடுச்சு. வாயும் உபயோகம் இல்ல, ஒண்ணும் சாப்பிடாது, சேரும், முட்டை வைக்கும், செத்துடும். சிறகு முளைச்சா சுதந்திரம்னு எழுதற யாரும் இந்த பூச்சிய ஒரு தடவை கையில வச்சு பாத்துட்டு எழுதணும்னு ஒரு சட்டமே போடலாம். கல்யாணப் பட்டு எடுக்கற காட்சி நம்ம கதைகள்ல ஆயிரம் இருக்கு, ஆனா அந்த வெந்நீர்த் தொட்டி பக்கத்துல நின்னு நூல் எடுக்கற பொம்பளைங்களோட வெந்து சுருங்கின விரல் எத்தனை கதைல வந்திருக்கு?

கட்டுமானத்துக்கு ஜெர்மன் மொழில எழுதின காஃப்காவோட 'உருமாற்றம்' கதைய படிங்க, ஏற்கனவே படிச்சிருந்தாலும் திரும்ப இந்த கண்ணோட படிங்க. 1915-ல வந்த அந்த கதையில கிரிகோர் சாம்சா முதல் வரியிலயே பூச்சியா மாறி முடிஞ்சுட்டான். ஏன் மாறினான், எப்படி மாறினான், ஒரு வார்த்தை கிடையாது. நாமளா இருந்தா மாறறதையே அஞ்சு பக்கம் எழுதியிருப்போம். அவர் எழுதினது மாறினதுக்கு அப்புறம் கதவு எப்படி திறக்கறது, வேலைக்கு யார் போறது, வாடகைக்கு குடி வெச்சவங்க என்ன சொல்வாங்கன்னு. அட்டைப்படத்துல அந்த பூச்சிய வரையவே கூடாது, தூரத்துல இருந்து கூட காட்டக் கூடாதுன்னு பதிப்பகத்துக்கு எழுதினார். நபகோவ், அவர் எழுத்தாளர் மட்டும் இல்ல, 1940-கள்ல ஹார்வர்டு மியூசியத்துல பட்டாம்பூச்சி ஆராய்ச்சி பண்ணவரு, இந்த கதைய பத்தி பாடம் எடுக்கும்போது ஒண்ணு சொன்னார், கிரிகோர் ஒரு வண்டு வகை, அப்ப அந்த கெட்டியான முதுகு ஓட்டுக்கு அடியில அவனுக்கு இறக்கை இருந்திருக்கணும், அது அவனுக்கு கடைசி வரைக்கும் தெரியாமலே போச்சுன்னு. பூச்சிய தெரிஞ்சவன் படிச்சா கதைல என்ன கிடைக்குதுங்கறதுக்கு இதைவிட என்ன வேணும். கடைசி பக்கத்தையும் பாருங்க, அவன் செத்தப்புறம் அம்மா அப்பா தங்கச்சி மூணு பேரும் டிராம்ல வெளியூர் பக்கம் போறாங்க, தங்கச்சி எழுந்து உடம்பை முறிச்சு நீட்டறா, அப்பதான் பெத்தவங்க கவனிக்கறாங்க, பொண்ணு வளந்துட்டான்னு. நாம பூச்சியவே பாத்துட்டு இருந்தப்போ உருமாற்றம் பக்கத்து ரூம்ல நடந்திருக்கு. உங்க கதையிலயும் யார் மாறறாங்கன்னு வாசகரை ஒரு ஆள் பக்கம் பாக்க வச்சுட்டு இன்னொரு ஆளை மாத்துங்க.

இடம் விஷயத்துல மரியா சிபில்லா மெரியன்கிட்ட கத்துக்கணும். 1699-ல, ஐம்பது வயசு தாண்டினப்புறம், சின்ன பொண்ணை கூட்டிட்டு ஆம்ஸ்டர்டாம்ல இருந்து கப்பல் ஏறி தென் அமெரிக்காவுல சுரினாம் போய் புழு வளத்து வரைஞ்சவங்க, 1705-ல புத்தகம் போட்டாங்க. அவங்க படத்துல புழு, கூட்டுப்புழு, பூச்சி எல்லாம் ஒரே தாள்ல, அது திங்கற செடியோட சேந்து இருக்கும். செடி இல்லாம பூச்சி இல்ல. நீங்களும் வெறுமனே "ஒரு பட்டாம்பூச்சி பறந்தது"ன்னு எழுதாதீங்க, என்ன பூச்சி, என்ன செடி, என்ன மாசம். ரயில்வே டிராக் ஓரம் நடக்கற கதைன்னா எருக்கஞ்செடி இருக்கும், அதுல ப்ளெய்ன் டைகர்ங்கற ஆரஞ்சு கலர் பட்டாம்பூச்சி இருக்கும், எருக்கம்பால்ல இருக்கற விஷம்தான் அதுக்கு காவல். 2019-ல தமிழ்நாட்டோட மாநில பட்டாம்பூச்சியா அறிவிச்ச தமிழ் மறவன் மேற்குத் தொடர்ச்சி மலை காட்டுப்பக்கத்து ஆளு, பேரு நல்லா இருக்குன்னு அதை கொண்டு வந்து திருவல்லிக்கேணி மொட்டை மாடில பறக்க விடாதீங்க.

வேற சில சின்ன தப்புங்க, வேகமா சொல்லிடறேன். பட்டாம்பூச்சி ஒரு நாள்தான் வாழும்ங்கறது தப்பு, நிறைய வகை வாரக்கணக்குல இருக்கும், சிலது மாசக்கணக்குல. சின்ன பட்டாம்பூச்சி வளந்து பெருசாகாது, இறக்கை வந்தப்புறம் வளர்ச்சியே கிடையாது. வெளிய வந்ததும் ஜம்முனு பறக்காது, கசங்கின இறக்கையோட தொங்கிட்டு இருக்கும், உடம்பு திரவத்தை பம்ப் பண்ணி இறக்கைய விரிச்சு காய வைக்க மணிக்கணக்காகும், அந்த நேரத்துல தொங்க இடம் கிடைக்காம விழுந்துட்டா இறக்கை கோணலாவே இறுகிடும். வெளிய வந்ததும் சிவப்பாவோ பழுப்பாவோ சில சொட்டு கழிவு விடும், உள்ள இருந்த நாளோட மிச்சம். இந்த சொட்டை எந்த கவிதையிலயும் நான் பாத்ததில்ல, வேணுங்கறவங்க எடுத்துக்கோங்க.

வரி அளவுல எப்படின்னு ஒரு உதாரணம். நம்ம வழக்கமா எழுதறது:

புழுவாய் ஊர்ந்தேன்
நீ வந்தாய்
வானம் ஆனேன்.

ரொம்ப லேசு, யாருக்கும் எதுவும் ஆகாது. நோட்டுல இருந்து எடுத்து எழுதினா இப்படி வரலாம்:

நேத்து வரைக்கும் தின்ன இலைமேல
இன்னைக்கு நிக்கிறேன்.
கடிக்க வாய் இல்ல.

ரெண்டாவதுல உருமாற்றம்ங்கற வார்த்தையும் இல்ல, சிறகும் இல்ல, ஆனா ஊருக்கு லீவுல போன ஒரு துபாய்க்காரர் அம்மா சமையலுக்கு முன்னாடி உக்காந்திருக்கற மாதிரி ஒரு வலி அதுல ஒட்டிக்குது. இழந்தது எதுன்னு தேடினா வரி தானா வரும்.

எழுதி முடிச்சப்புறம் ஒரு ரெண்டு நாள் கழிச்சு பைலை திறந்து பட்டாம்பூச்சி, வண்ணத்துப்பூச்சி, சிறகு, கூடு நாலையும் சர்ச் போடுங்க. கதைல ஒரு நிஜப் பூச்சி நிஜ செடில உக்காந்திருந்தா விட்டுடுங்க, ஒரு மனுஷனுக்கு பதிலா அது உக்காந்திருந்தா தூக்கிடுங்க. தலைப்புல இருந்தா அதை முதல்ல தூக்குங்க. காஃப்கா தலைப்புலயே உருமாற்றம்னு வச்சாரேன்னு சண்டைக்கு வருவீங்க, அவர் முதல் வரியிலயே அந்த வேலைய முடிச்சுட்டாரு, மறைக்க அவர்கிட்ட ஒண்ணும் இல்ல, உங்க கதைல அது பன்னெண்டாவது பக்கத்துல நடக்குதுன்னா வாசல்லயே போர்டு மாட்டாதீங்க.